எச்சரிக்கையை மீறிச் சென்றவர்கள்

எங்கள் வருவாய்த் துறைச் சிறப்பு மலர்க் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு வேறு. ‘அன்றைய புயல் எச்சரிக்கை முறையும் அதனால் மக்கள் அடைந்த பயனும்’ என்று எழுதித் தரச் சொன்னார்கள். முறையைப் பற்றி எழுதிவிடலாம். அது எனக்கு மனப்பாடம். பயன் என்ற இடத்தில் மூன்று வாரமாக நின்றுகொண்டிருக்கிறேன். யாருக்கு என்ன பயன் என்று இத்தனை வருடம் கழித்தும் என்னால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே நான் செய்ததை, நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன். பயனைப் படிக்கிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

நான் திருவள்ளூர்க்காரன். அப்பாவுக்குக் கோயில் மடப்பள்ளியில் கைங்கரியம். பி.ஏ. முடித்து, தேர்வெழுதி, வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். நில அளவை, கிராமக் கணக்கு என்று பயிற்சி ஒன்றரை வருடம். அதில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்: எந்த வேலையும் அது நடந்ததற்கான காகிதம் கோப்பில் ஏறும் வரை நடந்ததாகாது. பிறகு கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தாலுகா அலுவலகத்தில் போட்டார்கள். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம். அன்றைக்கு இருந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஐப்பசி பிறந்தால் புயல் கோப்பு என் மேஜைக்கு வந்துவிடும். வானிலை அலுவலகத்திலிருந்து கலெக்டருக்குத் தந்தி வரும், அங்கிருந்து எங்களுக்கு. தந்தி ஆங்கிலத்தில், அட்சரேகை தீர்க்கரேகையோடு இருக்கும். அதில் பாதி எனக்கே புரியாது. ‘சென்னைக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடக்கலாம்’ என்ற வரி மட்டும் புரியும். எங்கள் கடற்கரை அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. ஆகவே வங்காள விரிகுடாவில் எது உருவானாலும் எச்சரிக்கையில் நாங்கள் உண்டு. அந்தத் தந்தியை நான் தமிழாக்கி, கார்பன் தாள் வைத்து நகல் எடுத்து, கிராம முன்சீப்புகளுக்கு அனுப்புவேன். முன்சீப் அதை ஊர் ஊழியரான வெட்டியானிடம் கொடுப்பார். வெட்டியான் பறையடித்து ஊரில் சொல்வார். சொன்னதற்கு ஒரு சான்று உண்டு: ‘மேற்படி கிராமத்தில் தண்டோரா மூலம் விளம்பரம் செய்யப்பட்டது.’ கீழே முன்சீப் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். அந்தச் சான்று எங்களிடம் திரும்பி வர வேண்டும். நாங்கள் அதைக் கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

இதில் இரண்டு சிக்கல் இருந்தது. ஒன்று, முன்சீப் இருப்பது உள்நாட்டில், வயல் இருக்கும் பெரிய ஊரில். மீனவர் இருப்பது அங்கிருந்து நான்கு மைல் தள்ளி, ஏரியைப் படகில் கடந்து போக வேண்டிய மணல் திட்டில். எங்கள் பதிவேட்டில் இரண்டும் ஒரே கிராமம். குப்பம் அதற்குள் அடங்கிய வெறும் உட்கடை, கணக்கில் தனி ஊர் இல்லை. பெரிய ஊர்க் கோயில் வாசலில் பறையடித்தால் சட்டப்படி குப்பத்துக்கும் சொன்னதாகிவிடும். இரண்டாவது, பறை தோல். மழையில் நனைந்தால் சத்தம் வராது. மழைக்கு முன்னால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மழை வந்தபின் சொல்லப் பறை ஒத்துழைக்காது.

ரேடியோ இருந்த வீடுகளிலும் குழப்பம்தான். துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்று செய்தியில் வாசிப்பார்கள். அந்தக் கூண்டு கப்பல்காரனுக்கு. அது குப்பத்துக்கு எப்படிப் புரியும்? ‘மூணாம் நம்பருன்னா மூணு நாளு கழிச்சு வரும்’ என்று ஒரு டீக்கடையில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன். நான் அரசாங்க ஊழியன், திருத்தியிருக்க வேண்டும். எனக்கும் அப்போது சரியாகத் தெரியாது.

எங்கள் தாசில்தார் பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். பியூனிலிருந்து எங்கள் வரை எல்லோரும் அவருக்கு ‘நைனா’தான். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு காகிதத்தைக் கொடுத்தால் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். ஒன்றும் எழுதியிருக்காது, ஆனாலும் பார்ப்பார். பிறகு முன்பக்கம் படிப்பார். வாயால் எதைச் சொன்னாலும் கேட்டு முடித்துவிட்டு, “காயிதம் எங்க நைனா?” என்பார். கலெக்டர் அலுவலகத்திலிருந்து புயலுக்குப் புயல் ஒரே தொல்லை: சான்று இன்னும் வரவில்லை, பிற தாலுகாக்கள் அனுப்பிவிட்டன, நீங்கள் ஏன் அனுப்பவில்லை. குப்பத்துச் சான்று திரும்பி வர இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் தாசில்தார் என் மேஜைப் பக்கம் வந்து நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார்; நிற்பார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வைகாசி, ஆனியில் ஜமாபந்தி நடக்கும். எல்லா முன்சீப்புகளும் கர்ணங்களும் கணக்கைத் தூக்கிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு வருவார்கள். கடலோரக் கிராமங்கள் ஒன்பதின் முன்சீப்புகளையும் உட்கார வைத்து, தேதி போடாத தண்டோராச் சான்றுகளில் ஆளுக்குப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். சாட்சிக் கையெழுத்தும் அவர்களே ஆள் பிடித்து முடித்துக் கொடுத்தார்கள். ஒரு முன்சீப் மட்டும் பேனாவை மூடிக்கொண்டே சிரித்தார். “இன்னும் மழையே காணோம், புயலுக்குக் கையெழுத்தா? பலே சாமி, மழைக்கும் ஒரு காயிதம் இருந்தா குடு, போட்டுடறேன்.”

அந்த ஆண்டு ஐப்பசியில் முதல் தந்தி வந்த ஒரு மணி நேரத்தில் ஒன்பது கிராமச் சான்றும் கலெக்டர் அலுவலகத்துக்குக் கிளம்பின. தாசில்தார் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. “நல்லா செஞ்ச நைனா” என்றார். அந்த மூன்று சொல்லுக்காக நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: எச்சரிக்கைகளை நான் அனுப்பாமல் இருந்ததில்லை. சான்று முன்னால் போகும். ஊரில் சொல்லச் சொல்லும் தாக்கீது பின்னால் போகும். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இரண்டாவது வருடக் கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குத் தந்தி வந்தது. அந்தப் பருவத்தில் அது நான்காவது. முதல் மூன்றும் வரவில்லை. ஒன்று வடக்கே போனது, இரண்டு கடலிலேயே கரைந்தது. சான்றுகளில் தேதி போட்டுப் பதினொன்றரைக்குள் அனுப்பிவிட்டேன். பிறகு தாக்கீதுகளை எழுதினேன். மணல்மேட்டுக் குப்பத்துக்குப் பொறுப்பான வெட்டியான் ஏழுமலை அன்று அலுவலக வேப்ப மரத்தடியிலேயே இருந்தார். முன்சீப் வீட்டுக்குப் போய்ச் சுற்ற வேண்டாமே என்று அவரையே கூப்பிட்டு நகலைக் கையில் கொடுத்தேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். நான் ‘நீ’ என்றுதான் பேசுவேன். அவர் என்னைச் ‘சாமி’ என்பார். அன்று அது யாருக்கும் உறுத்தவில்லை.

“இன்னா சாமி, மறுபடியும் புயலா? குப்பத்துல என்னைப் பாத்தாலே ‘தோ புயலு வருது பாருடி, கருவாட்ட எடுத்து உள்ள வை’ன்னு சிரிக்கிறாளுங்க. அதான் என் பேரு இப்போ.”

“சிரிச்சா சிரிக்கட்டும். போய்ச் சொல்லு.”

“போன வாட்டி நம்பி மூணு நாளு கட்டுமரத்த கரைமேல ஏத்திப் போட்டுக்கினு குந்திக்கினு இருந்தானுங்க. ஒரு தூறல் இல்ல. நாலாம் நாளு ஒருத்தன் கேக்கறான், ‘இன்னா ஏழுமல, உன் புயல எளாவூரு செக்போஸ்டுல மடக்கிட்டானுங்களா’ன்னு.”

நானும் சிரித்தேன். பிறகு, “பறை எங்கே?” என்று கேட்டேன்.

“தோலு மாத்தக் குடுத்துக்கீறேன் சாமி. நனைஞ்சி நனைஞ்சி பொத்துப் போச்சி. பொழுது சாயத் தரேன்னான்.” காகிதத்தை மடித்து வேட்டி மடிப்பில் வைத்தார். “பறை கெடக்கட்டும். இப்பவே போயி நாலு பேரு கிட்ட வாயால சொல்லிப்புட்டு வந்துடட்டா? சாயங்காலத்துக்குள்ள அங்க போயிடுவேன்.”

நான் சொன்ன பதிலை ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன். “வாயால சொன்னா அது விளம்பரம் ஆகாதுப்பா. நாளைக்கு ஒருத்தன் ‘எனக்குச் சொல்லலே’ன்னா நீ என்ன பண்ணுவே? பறைய வாங்கிண்டு கார்த்தால போ. ரிப்போர்ட் போயாச்சு, அவசரமில்லே.”

அவர் தயங்கினார். வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை. “சரி சாமி” என்று போய்விட்டார்.

அந்தக் குப்பத்து ஆட்கள் கடலுக்குப் போவது விடியலுக்கு முன். புதன்கிழமையும் போனார்கள். காலை எட்டு மணிக்குக் காற்று எழும்பியது. பத்து மணிக்கு எங்கள் அலுவலகத்தின் ஓடுகள் பறக்கத் தொடங்கின. கோப்புகளை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு நாங்கள் கருவூல அறைக்குள் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் ஏழுமலை ஏரியின் இக்கரையில், படகுத்துறையில் நின்றிருக்கிறார். படகுக்காரன் மறுத்துவிட்டான். புதுத் தோல் போட்ட பறை அரை மணியில் நனைந்துவிட்டது. அவர் அங்கேயே நின்று எதிர்க்கரையைப் பார்த்து அடித்திருக்கிறார். “ஈரத்துணிய தொவைக்கற மாதிரி சத்தம் சாமி. எனக்கே கேக்கல” என்று பிறகு சொன்னார்.

பதினோரு கட்டுமரம் போயிருந்தது. பெரும்பாலோர் எப்படியோ எங்கெங்கோ கரை ஒதுங்கினார்கள். நான்கு பேர் வரவில்லை. குப்பத்தில் பெண்களும் கிழவர்களும் மாதா கோயிலுக்குள் நின்று தப்பித்தார்கள்; அது ஒன்றுதான் அங்கே கட்டடம்.

மூன்றாம் நாள் நான் தாசில்தாரிடம் போனேன். அவர் இரண்டு நாளாக இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டையோடு அலைந்துவிட்டு வந்து, ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஏழுமலை போகவில்லை, போக வேண்டாம் என்று நான்தான் சொன்னேன் என்றேன். அவர் கோப்பை எடுத்து மணல்மேட்டுச் சான்றைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

“நீ இப்போ சொன்னது எழுத்துல இருக்குதா நைனா?”

“இல்லை சார்.”

“அப்படீன்னா நான் கேக்கல. போயி ரிப்போர்ட் எழுது.”

அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்று இரவே காய்ச்சலில் விழுந்து பத்து நாள் கிடந்தார். நல்லவர் என்றும் சொல்ல முடியவில்லை. எழுதச் சொன்னது அவர். எழுதிய கை என்னுடையது. ‘உரிய காலத்தில் தண்டோரா மூலம் விளம்பரம் செய்யப்பட்டது. எச்சரிக்கையை மீறிக் கடலுக்குச் சென்றவர்கள் பின்வருமாறு’ என்று எழுதி, கீழே நான்கு பெயர். மூன்றாவது பெயர் சூசை.

சப் கலெக்டர் பெரிய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விசாரணை வைத்தார். இளைஞர், வடக்கத்திக்காரர், தமிழ் புதிது. முன்சீப் வந்து கையெழுத்து தன்னுடையதுதான் என்றார். அது உண்மை. ஏழுமலையைக் கூப்பிட்டார்கள். “தண்டோரா போட்டாயா?” ஏழுமலை முதலில் முன்சீப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போட்டேன் தொர.”

வாசலில் நின்ற குப்பத்துக் கூட்டத்தில் சலசலப்பு. “அடப்பாவி, எங்கடா போட்ட?” என்று ஒரு ஆண் குரல். அதை அடக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். முப்பது வயது இருக்கும். சூசையின் மனைவி அந்தோணியம்மா.

“தொர, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்க ஆளுங்க சொல்லியும் கேக்காம போனாங்கன்னு எழுதிக்கீறீங்களாமே. யாரு வந்து சொன்னது? எந்த எடத்துல நின்னு சொன்னது?”

சப் கலெக்டர் என்னிடம் திரும்பி, கோப்பில் இருப்பதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கிராமம், செவ்வாய்க்கிழமை, முன்சீப், சாட்சிகள். என் குரல் நன்றாகவே இருந்தது. எனக்கு எப்போதுமே வாசிப்பு நன்றாக வரும்.

“செவ்வாக்கிழமையா?” என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது. “செவ்வாக்கிழம நான் கிளிஞ்ச வாரப் போயிருந்தேனே. பொழுது சாஞ்சிதான் வந்தேன்.” அவ்வளவுதான். கூட்டத்துக்குள் போய்விட்டாள். அவள் ஏன் அத்தோடு நிறுத்திக்கொண்டாள் என்று அன்று எனக்குப் புரியவில்லை. நிறுத்தினாளே என்று ஆறுதல்தான் இருந்தது.

விசாரணை முடிந்தது. முறையாகச் செயல்பட்ட தாலுகா என்று எங்களுக்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதன் நகல் என் பணிப் பதிவேட்டில் ஒட்டப்பட்டது.

அதே புயலில் மற்ற குப்பங்களில் என்ன நடந்தது என்று நான் பிறகு விசாரித்தேன். என் மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ளத்தான். ஒரு குப்பத்தில் செவ்வாய்க்கிழமை பிற்பகலே முறையாகப் பறையடித்திருக்கிறார்கள். ஆனாலும் ஆறு கட்டுமரம் போயிருக்கிறது. போனவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். இன்னொன்றில் பறையடித்ததும் ஒருவரும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், பறைக்காக இல்லை, நண்டுகள் மேட்டுக்கு ஏறியதைப் பார்த்தோம் என்றார்கள். ஆக, ஏழுமலை போய்ச் சொல்லியிருந்தால் சூசை நின்றிருப்பானா? ‘புயலு வருது பாரு’ என்று சிரித்துவிட்டு மரத்தைத் தள்ளியிருப்பானா? சில நாள் நின்றிருப்பான் என்று தோன்றும், சில நாள் தோன்றாது. தோன்றாத நாட்களில் எனக்கு நல்ல தூக்கம் வரும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எழுபதுகளில் பல இடம் மாறி, துணைத் தாசில்தாராக மறுபடி அந்தப் பக்கமே வந்தேன். கும்மிடிப்பூண்டியைச் சுற்றிச் சவுக்குத் தோப்புகளை வெட்டித் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய காலம். வயலில் கூலிக்குப் போன குடும்பங்களெல்லாம் காக்கிச் சட்டையோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு கம்பெனி வாசல் டீக்கடையில் ஏழுமலையைப் பார்த்தேன். மகனுக்கு உள்ளே வேலை, சாப்பாடு கொண்டுவந்திருந்தார். சங்கு ஊதியது. ஷிப்ட் மாறும் கூட்டம் ஓடியது.

“பாத்தியா சாமி? இது ஒரு வாட்டி ஊதனா ஐநூறு பேரு ஓடறான். நான் முப்பது வருசம் கை நோவ அடிச்சேன், ஒருத்தன் திரும்பிப் பாக்கல” என்று சிரித்தார்.

அன்று அவரை ‘வாங்க’ என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நாஷ்டா வாங்கிக் கொடுத்தேன். பிறகு கேட்டேன்: “அன்னிக்கு ஏன் போட்டேன்னு சொன்னீங்க?”

“முன்சீப்பு கையெழுத்துப் போட்டுக்கீறாரு. நான் இல்லன்னா அவுரு பொய்யரு ஆவாரு. அப்புறம் அந்த ஊர்ல நான் எங்க ஊடு கட்டிக்கினு கெடக்கறது?” வடையைப் பிட்டார். “உன்னையும் பாத்தேன். நீ தலைய தூக்கல.”

அந்தோணியம்மாவைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டபிறகுதான் பள்ளிக்கூடத்தில் அவள் குரல் ஏன் இறங்கியது என்று புரிந்தது. மூன்றாவது எச்சரிக்கையின்போது சூசை மூன்று நாள் வீட்டில் கிடந்திருக்கிறான். அவள் திட்டியிருக்கிறாள்: பறைச் சத்தம் கேட்டாலே படுத்துக்கிறியே, நீ ஆம்பளையா, அடுப்புல இன்னாத்த வெக்கறது என்று. அதற்கடுத்த வாரம் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். நான் வாசித்த சான்றைக் கேட்டதும் அவள் முடிவு செய்துகொண்டாள்: தான் கிளிஞ்சல் வாரப் போயிருந்த நேரத்தில் பறை அடித்திருக்கிறது, சூசை கேட்டிருக்கிறான், தான் திட்டியதால் கேட்டும் கேட்காத மாதிரி போயிருக்கிறான்.

“அது மாமியாக்காரி இன்னும் உடல சாமி. ‘எம்புள்ள தெரிஞ்சேதான் போனான், நீதான் தொரத்தன’ன்னு தெனம் சோத்துல மண்ணு போடுது.”

“நீங்க உண்மையைச் சொல்லக் கூடாதா?”

“அந்தோணியம்மா கிட்டயே சொன்னேன். ‘தொர முன்னால போட்டேன்ன, இப்போ போடலன்ற. எது பொய்யி?’ன்னு கேட்டுச்சி. காயிதத்துல கீறதத்தான் அது நம்புது. நீ படிச்சியே, நல்லா கணீர்னு.”

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் எச்சரிக்கை வந்தது. இப்போது முறை மாறியிருந்தது: ஜீப், ஒலிபெருக்கி, தங்க வைக்கப் பள்ளிக்கூடம், கம்பெனிகளிடம் லாரி. மணல்மேட்டுப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏரிக்குக் குறுக்கே சாலையும் வந்திருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சுள்ளென்று வெயில். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்திருக்கக்கூட இல்லை.

“இன்னா ஆபிஸரே, வெயிலுக்கு ஒதுங்க வந்தீங்களா?” என்றார் ஒருவர். மற்றொருவர் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு, “கூண்டு ஏத்திக்கீறானாம்பா” என்றார். “ஏத்தனா அவன் எறக்கிக்குவான், நீ வலையப் புடி” என்று பதில் வந்தது.

அந்தோணியம்மா தலை நரைத்து, கிளிஞ்சல் கூடையோடு வந்து நின்றாள். நான் ஜீப்பை விட்டு இறங்கி, மாதா கோயில் பக்கம் அழைத்துப் போய்ச் சொன்னேன். சான்றை முன்கூட்டியே வாங்கி வைத்தது, ஏழுமலையைத் தடுத்தது, அறிக்கை எழுதியது. வரிசையாகச் சொன்னேன். மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். “அப்போ அந்தாளு தெரியாமத்தான் போச்சா?”

“தெரியாமத்தான்.”

கூடையைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். இல்லை, அடிப்பாள் என்றும் நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. ஜீப்பைக் காட்டினாள். “இத எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? நான் போயி ஊர்ல சொன்னா எவன் நம்புவான்? அந்த மைக்குல நீ சொல்லு. ஊரு கேக்கட்டும். தோ குந்திக்கினு கீதே என் மாமியா, அது காதுலயும் உழட்டும்.”

நியாயம்தான். திரும்பி வந்து மைக்கை எடுத்தேன். முன்னால் அறுபது எழுபது பேர். பாதிப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்து, ‘பத்து வருடத்துக்கு முன்னால் தாலுகா அலுவலகம் ஒரு பொய் எழுதியது, எழுதியவன் நான்’ என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் ‘இன்று புயல் வருகிறது, எல்லோரும் வீட்டை விட்டுக் கிளம்புங்கள்’ என்று எப்படிச் சொல்வது? முதலாவதை நம்பினால் இரண்டாவதை நம்புவார்களா? அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “முதல்ல எல்லாரும் கிளம்பட்டும்மா, அப்புறம் சொல்றேன்” என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். பிறகு மைக்கில் எச்சரிக்கையை மட்டும் வாசித்தேன். கெஞ்சினேன், மிரட்டினேன், போலீசைக் காட்டினேன். நான்கு மணிக்கு மேல் கிளம்பினார்கள். மாமியாரின் கையைப் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டது அந்தோணியம்மாதான். கிழவி ஏறும்போதும் அவளை ஏதோ வைதுகொண்டே ஏறினாள்.

புயல் வரவில்லை. வடக்கே திரும்பி வலுவிழந்தது. இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்துவிட்டுப் போனவர்கள், கரையில் விட்ட வலைகளில் பாதியைக் காணவில்லை என்று அலுவலக வாசலில் வந்து என்னைக் கேட்காத கேள்வியில்லை. “பேஜாரு புடிச்ச புயலு” என்று ஒரு கிழவர் என் காலடியில் துப்பினார். அந்தக் கூட்டத்தின் முன்னால் நின்று பழைய கதையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த முறை என்று வைத்துக்கொண்டேன். அடுத்த முறைக்குள் மாற்றல் வந்தது. மறுவருடம் அந்தோணியம்மாவின் மாமியார் இறந்துவிட்டதாக ஏழுமலை யாரையோ எழுதச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தார்.

அன்று புயல் வந்திருந்தால், வாயை மூடிக்கொண்டு எழுபது உயிரைக் காப்பாற்றினேன் என்று நானே என்னை மெச்சிக்கொண்டிருப்பேன். வராததால் நான் செய்தது கோழைத்தனம் ஆகிவிட்டது. நான் செய்தது சரியா தவறா என்பதைக் காற்று எந்தப் பக்கம் திரும்பியது என்பதா தீர்மானிக்கும்? ஆகாது என்று அறிவு சொல்கிறது. வேறு எதை வைத்துத் தீர்மானிப்பது என்று அறிவு சொல்ல மாட்டேன் என்கிறது. எச்சரிக்கை முறையின் பயன் என்ன என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சொல்கிறவன் ஒருமுறை பொய் எழுதினால், பிறகு அவன் உண்மையைச் சொல்வதற்கும் அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டியதாகிறது. இதுகூடச் சரிதானா, நான் தப்பித்துக்கொள்ளக் கண்டுபிடித்த வாக்கியமா என்று தெரியவில்லை.

அந்தோணியம்மா இருக்கிறாள் என்று கேள்வி. காட்டுப்பள்ளிப் பக்கம் மகள் வீட்டில். பஸ் போகிறது. இரண்டு முறை பஸ் நிலையம் வரை போய்த் திரும்பிவிட்டேன். ஏன் என்று கேட்டால் முழங்கால் வலி என்று சொல்லலாம், பொய்.

இந்த மலர் கடலோர அலுவலகங்களுக்கெல்லாம் தபாலில் போகும் என்றார்கள். அந்தப் பக்கம் பணியில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், அவளைத் தேடிப் போய்ப் படித்துக் காட்டுங்கள். முழுவதும் வேண்டாம். நாலு பேர் இருக்கும்போது, உரக்க, இதை மட்டும் படித்தால் போதும்: மணல்மேட்டுக் குப்பத்துச் சூசை எச்சரிக்கையை மீறிக் கடலுக்குப் போகவில்லை. யாருடைய பேச்சுக்காகவும் தெரிந்தே போகவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லப் புறப்பட்டவரை நிறுத்தியவன் நான்.